பாறுக் கழுகுகள் எங்கே போயின? ஒரு மாட்டு ஊசியின் வழக்கு

"முன்னாடியெல்லாம் ஒரு மாடு செத்தா எங்கிருந்துதான் வருமோ, அரை மணி நேரத்துல வானம் பூரா கழுகா இருக்கும். இப்ப ஒண்ணைக்கூடக் காணோமே, எங்க தம்பி போச்சு?"

பறவை பார்க்கக் காடு மேடு சுற்றுகிறவன் என்று தெரிந்ததும் ஊரில் வயதானவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்டுவிட்டு விடையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். செல்போன் கோபுரம் என்பார் ஒருவர். வயலுக்கு அடிக்கிற மருந்து என்பார் இன்னொருவர். மலைப்பக்கம் போயிருக்கும், மழை நன்றாகப் பெய்தால் திரும்பி வரும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு உறுதியான விடை 2004-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் அது பறவை ஆர்வலர்களைத் தாண்டி, மாடு வளர்க்கிற வீடுகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேரவேண்டிய இடமே அதுதான் என்பதால் இந்த வழக்கை முதலிலிருந்து எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் இரையைத் துரத்திப் பிடிக்கும் பறவையையும் கழுகு என்கிறோம், செத்ததை மட்டும் தின்னும் பறவையையும் கழுகு என்கிறோம். இரண்டும் வேறு வேறு. மீன் சந்தைக்கு மேலே வட்டமடிப்பது பருந்து. அதுவும் வேறு. நான் சொல்லப்போவது செத்ததைத் தின்னும் பறவையைப் பற்றி. பிணந்தின்னிக் கழுகு என்று பாடப்புத்தகம் சொல்லும். எருவை என்று சங்கப் பாடல்களில் வரும். பாறு என்பதும் பழைய சொல்தான், இப்போது பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் அதை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். 'பிணந்தின்னி' என்று கூப்பிட்டுவிட்டு ஒரு பறவையின் மேல் யாருக்கும் அக்கறை வரவைப்பது கடினம்.

எங்கள் ஊரில் மாடு செத்தால் ஓடைக்கரையில் கொண்டு போடுவார்கள். தோலை உரித்து எடுத்தபின் மிச்சமெல்லாம் பாறுகளுக்கு. பாறுக்குக் கூர்மையான மோப்பம் கிடையாது, எல்லாம் கண்தான். வெயில் ஏறியதும் சூடான காற்றின்மேல் ஏறிச் சிறகசைக்காமல் மிதந்துகொண்டே தரையைப் பார்க்கும். ஒன்று இறங்கினால் தொலைவில் மிதக்கும் இன்னொன்று அதைப் பார்த்து இறங்கும், அதைப் பார்த்து மற்றொன்று. எங்கிருந்துதான் வருமோ என்று பெரியவர்கள் வியந்ததன் சூட்சுமம் இதுதான். ஒரு பெருங்கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மாட்டை எலும்பாக்கிவிடும். தலையும் கழுத்தும் ஏன் மொட்டை என்று குழந்தைகள் கேட்பார்கள். உடலுக்குள் தலையை விட்டுத் தின்னும்போது ரத்தமும் சதையும் இறகில் ஒட்டாமல் இருக்க அது உதவுகிறது, உடல் சூட்டைத் தணிக்கவும் பயன்படுகிறது. அழுகியதைத் தின்றும் அதற்கு ஏன் நோய் வருவதில்லை என்பது அடுத்த கேள்வியாக வரும். அதன் இரைப்பை அமிலம் அவ்வளவு கடுமையானது. நமக்கு ஆபத்தான கிருமிகள் பலவும் அதைத் தாண்டி உயிரோடு போவதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தின்றாலும் செரிக்கும் பறவை என்ற இந்த எண்ணமே பின்னால் நம் கண்ணை மறைத்தது.

பரத்பூரில் காலியான கூடுகள்

ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980-களில் அங்கே இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்தார். 1987-88 பருவத்தில் வெண்முதுகுப் பாறுகள் 353 இணைகள் அங்கே கூடு வைத்திருந்தன. அந்தக் காலத்தில் வடஇந்தியாவில் பாறு என்பது நமக்குக் காக்கை மாதிரி, யாரும் நின்று பார்க்காத அளவுக்குச் சாதாரணம். உலகில் உள்ள பெரிய இரைகொல்லிப் பறவைகளில் எண்ணிக்கையில் இதுவே முதலாவதாக இருக்கலாம் என்றுகூட அப்போது எழுதினார்கள்.

1996-இல் அவர் திரும்பப் போனபோது கூடுகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. மரத்தடியில் செத்த பறவைகள், கிளையில் தொங்கும் உடல்கள். உயிரோடு இருந்தவற்றிலும் பல, கழுத்தைக் கீழே தொங்கவிட்டபடி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவில் ஒரு கூடும் மிஞ்சவில்லை.

பரத்பூரில் மட்டும் இப்படி என்றால் உள்ளூர்க் காரணம் ஏதோ இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் நாடு முழுக்கச் சாலை வழியே ஓட்டிச் சென்று எண்ணிய பழைய கணக்கு ஒன்று கழகத்திடம் இருந்தது. அதே சாலைகளில் 2000-இல் மறுபடி எண்ணியபோது சரிவு 90 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. 2007-இல் எண்ணியபோது வெண்முதுகுப் பாறு 1990-களின் தொடக்கத்தில் இருந்ததில் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது. கருங்கழுத்துப் பாறும் அதன் உறவான மெல்லலகுப் பாறும் சேர்ந்து கிட்டத்தட்ட 97 சதவீதம் போய்விட்டன. ஒரு காட்டுயிர் இவ்வளவு வேகமாக, இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் சரிந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு தேடுவது கடினம்.

தீனி குறைந்ததா? இல்லை. இந்தியாவில் மாடுகள் குறையவில்லை. ஊருக்கு வெளியே உடல்களைக் கொட்டும் இடங்களில் செத்த மாடுகள் தின்ன ஆளில்லாமல் அழுகிக் கிடந்தன. மரம் வெட்டியதா? காப்பிடங்களுக்குள்ளேயே அல்லவா செத்து விழுந்தன. பூச்சிமருந்தைச் சந்தேகித்தார்கள். டி.டி.டி. பறவைகளின் முட்டை ஓட்டை மெலியச் செய்யும், குஞ்சு பொரியாமல் போகும். இங்கே கதை வேறு, வளர்ந்த பறவைகளே விழுந்து செத்தன.

மிஞ்சியது தொற்றுநோய். பல ஆண்டுகள் பெரும்பாலோர் நம்பியது அதைத்தான். நாட்டுக்கு நாடு பரவுகிற மாதிரி தெரிந்தது, ஒரே இனக்குழுவைத் தாக்கியது, கழுத்துத் தொங்கல் ஒரு நோய்க்குறி மாதிரியே இருந்தது. ஏதோ புது வைரஸ் என்று தேடினார்கள். அந்தக் கழுத்துத் தொங்கலைப் பற்றிப் பிறகு தனியாக ஓர் ஆய்வு நடந்தது. நலமாக இருக்கும் பாறுகளும் கடும் வெயிலில் அப்படித்தான் உட்காரும், உடல்சூட்டைத் தணிக்கும் வழியாக இருக்கலாம், எது சாகும் எது பிழைக்கும் என்று அதைவைத்துச் சொல்ல முடியாது என்று தெரியவந்தது. முதலில் கண்ணில் பட்ட அடையாளமே வழிகாட்டவில்லை என்பது இந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாத இடம்.

கடைக்காரரிடம் கேட்ட கேள்வி

முடிச்சு அவிழ்ந்தது எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் பஞ்சாபில். அங்கே இன்னும் ஓரளவு பெரிய கூட்டங்கள் மிஞ்சியிருந்தன. 2000-இல் அமெரிக்காவின் பெரெக்ரின் ஃபண்ட் அமைப்பும் உள்ளூர்ப் பறவையியலாளர்களும் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். நோய்க்கூறு ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நுண்ணுயிரியலாளர் லின்ட்சே ஓக்ஸ். அந்த வெயிலில் செத்த பறவை சில மணி நேரத்தில் கெட்டுவிடும், கெட்ட உடலிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அதனால் பாறுகள் கூடு வைத்திருந்த மரங்களின் அடியிலேயே ஆட்கள் காத்திருந்து உடல்களை எடுத்தார்கள்.

மொத்தம் 259 பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். 85 சதவீதத்தில் ஒரே காட்சி. இதயம், ஈரல், சிறுநீரகம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலம். நாம் கழிவை யூரியாவாக மாற்றித் தண்ணீரோடு வெளியேற்றுகிறோம். பறவைகள் அதை யூரிக் அமிலமாக்கி வெள்ளைப் பசையாகத் தள்ளுகின்றன. காக்கை எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். சிறுநீரகம் நின்றுபோனால் அந்த வெள்ளை உள்ளேயே உறுப்புகளின்மேல் படியும். ஆக, இந்தப் பறவைகள் எல்லாம் சிறுநீரகம் செயலிழந்து செத்திருக்கின்றன. சரி, சிறுநீரகத்தை நிறுத்தியது எது?

ஈயம், பாதரசம், பூச்சிமருந்து, வைரஸ், பாக்டீரியா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இந்த இடத்தில் குழு எடுத்த முடிவுதான் வழக்கின் திருப்பம் என்பேன். ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனார்கள். பாறு தின்பது கிட்டத்தட்ட முழுக்க வளர்ப்பு மாடும் எருமையும்தான். மாட்டின் உடம்பில் இருப்பது அதன் உடம்புக்கும் போகும். அப்படியென்றால் மாட்டுக்குப் போடும் மருந்துகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது, தின்றால் உடம்பில் சேரக்கூடியது எது, சமீப ஆண்டுகளில் புதிதாக வந்தது எது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே போனார்கள். மூன்றுக்கும் பொருந்திய பெயர் ஒன்றுதான் வந்தது. டைக்ளோஃபினாக்.

நமக்குத் தெரிந்த மருந்துதான். மூட்டுவலிக்கு மாத்திரையாகவும் தடவும் ஜெல்லாகவும் வீட்டு அலமாரியில் இருக்கும். 1990-களில் பல நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கத் தொடங்கியபின் மாட்டுக்கும் வந்தது. மடிவீக்கமா, நொண்டலா, காய்ச்சலா, ஏர் இழுத்துத் தோள் வீங்கியதா, எல்லாவற்றுக்கும் ஓர் ஊசி. விலை குறைவு, படுத்த மாடு எழுந்து நிற்கும். மாடு வைத்திருக்கிற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் போட்டிருக்கிறோம்.

சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளைப் படிவு இருந்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைப் பரிசோதித்தபோது 25-இலும் டைக்ளோஃபினாக் இருந்தது. படிவு இல்லாமல் வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. பறக்க முடியாத நிலையில் பராமரிப்பில் இருந்த பாறுகளுக்கு அந்த மருந்தையும், மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியையும் கொடுத்தபோது அதே படிவோடு சில நாட்களில் செத்தன. 2004-இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் நேபாளத்திலும் செத்த பறவைகளிலும் இதே மருந்து, இதே படிவு என்று உறுதியானது. இன்னொரு பக்கச் சான்று கம்போடியாவிலிருந்து வந்தது. இந்த மருந்து மாட்டுக்குப் போடும் பழக்கம் அங்கே இல்லை. இதே இனப் பாறுகள் அங்கே இப்படிச் சரியவும் இல்லை.

கிருமிகளைக் கரைக்கும் இரைப்பை ஒரு வலிநிவாரணியிடம் தோற்றது எப்படி என்று கேட்பார்கள். இரைப்பை தோற்கவில்லை, மருந்து அதைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்டது. இந்தப் பாறு இனங்களால் அதை வேகமாக உடைத்து வெளியேற்ற முடிவதில்லை. எல்லாப் பறவைக்கும் அப்படி இல்லை. அமெரிக்காவில் இருக்கும் வான்கோழிப் பாறு, நம் பாறுகளைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் தாங்கியது. ஒரே வேலையைச் செய்கிற பறவைகள் என்றாலும் உள்ளே இருக்கும் உடல் வேறு.

ஒரு சதவீதம் போதுமா?

இதைச் சொன்னதும் மாட்டு மருத்துவர்கள் என்னிடம் எழுப்பும் எதிர்க்கேள்வி நியாயமானது. ஊசி போட்ட மாடெல்லாம் செத்துவிடுகிறதா? சாவதற்கு ஓரிரு நாள் முன்பு ஊசி போட்டு, பிழைக்காமல் செத்து, வெட்டவெளியில் கிடக்கிற மாடு நூற்றில் எத்தனை இருக்கும்? அது போதுமா கோடிக்கணக்கான பறவைகளை அழிக்க?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாறு தினமும் தின்பதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 120 சாப்பாடு. 200 மாடுகளில் ஒன்றில் மட்டும் கொல்லும் அளவு மருந்து இருக்கிறது என்று வைப்போம், அதாவது அரை சதவீதம். ஒரு சாப்பாட்டில் தப்பிக்கும் வாய்ப்பு 99.5 சதவீதம். 120 முறையும் தப்பிக்கும் வாய்ப்பு? 0.995-ஐ 120 முறை பெருக்கினால் சுமார் 0.55 வரும். அதாவது ஓர் ஆண்டில் நூறு பறவையில் 45 செத்துவிடும். 2000-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு இந்தியாவில் உண்மையில் குறைந்த வேகம் ஆண்டுக்குச் சுமார் 44 சதவீதம். நான் போட்டது கைக்கணக்கு, இரண்டும் இவ்வளவு ஒட்டி வந்தது தற்செயலும்தான். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் முறையாகச் செய்த கணக்கும், நூற்றில் ஒன்றுக்கும் குறைவான உடல்களில் நஞ்சு இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்றுதான் சொன்னது. பிறகு இந்தியாவில் செத்த மாடுகளின் ஈரலைச் சேகரித்துப் பார்த்தபோது பத்தில் ஒன்றில் மருந்து இருந்தது.

கூட்டமாகத் தின்னும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு மாட்டின்மேல் ஐம்பது அறுபது இறங்கும். ஒன்றையொன்று பார்த்து இறங்கும் அந்தத் திறமையே இங்கே எமனாக வந்தது. மறுபக்கம், ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பிறந்த குஞ்சு இனப்பெருக்கம் செய்ய ஐந்து ஆண்டு போலப் பிடிக்கும். நீண்ட நாள் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் பறவைக்கு இந்த வேகத்தில் இழந்ததை ஈடுகட்ட வழியே இல்லை.

பாறு போன இடத்தில்

போனால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரடியாகவே கேட்பார்கள். அவர்களுக்கு மனிதக் கணக்கையே சொல்லலாம்.

பாறு தின்னாத மாட்டை நாய் தின்றது. உடல்களைக் கொட்டும் இடங்களில் தெருநாய்கள் பெருகின. நாய்க்கடியும் வெறிநாய்க்கடியும் கூடின. 2008-இல் வந்த ஓர் ஆய்வு, 1992-க்குப் பிந்தைய பதினான்கு ஆண்டுகளில் பாறு அழிவால் கூடுதலாகப் பெருகிய நாய்களால் ஏறத்தாழ 48,000 பேர் வெறிநாய்க்கடியில் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. பொருளியலாளர்கள் அனந்த் சுதர்சனும் எயல் ஃபிராங்கும் இன்னும் விரிவாகப் பார்த்தார்கள். முன்பு பாறு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும், இயல்பாகவே குறைவாக இருந்த மாவட்டங்களையும் எடுத்து இரண்டிலும் மனித இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று ஒப்பிட்டார்கள். பாறு போன மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் இறப்புகள். வெறிநாய்க்கடி மட்டுமல்ல, அழுகிய உடல்கள் ஓடையிலும் குளத்திலும் கலந்து தண்ணீர் கெட்டதும் சேர்ந்த கணக்கு இது.

கண்ணுக்குத் தெரியாத இழப்புகளும் உண்டு. பாறு சுத்தம் செய்த எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் வருமானம் இழந்தார்கள். மும்பை மலபார் மலையில் பார்சிகள் இறந்தவர்களைப் பாறுகளுக்கு விடும் அமைதிக் கோபுரங்களில் பறவை வருவது நின்றது, வெயிலைக் குவிக்கும் தகடுகளை வைக்கவேண்டி வந்தது. நூற்றாண்டுகளாக நடந்த இறுதிச் சடங்கு ஒரு மாட்டு ஊசியால் தடைபட்டது.

நமக்கும் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் குன்றின்மேல் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டுபோகும் காட்சியை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள், உருவில் சிறியவை, நான் இதுவரை சொன்னவற்றுக்குத் தூரத்து உறவு. அந்த இனமும் வடஇந்தியாவில் பின்னாளில் வேகமாகச் சரிந்தது. 1990-களின் இறுதிக்குப் பிறகு அந்தக் குன்றுக்கு இணையாகப் பறவைகள் வரவில்லை. ஊர்ப் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

தடையும் பாட்டிலும்

இந்தியா 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பைத் தடை செய்தது. பாகிஸ்தானும் நேபாளமும் அதே ஆண்டு, வங்கதேசம் 2010-இல். ஆய்வு வெளியான இரண்டே ஆண்டில் அரசுகள் அசைந்தது பாராட்டத்தக்கது. மாற்று மருந்து இல்லாமல் தடை போட்டிருந்தால் மாடு வளர்ப்பவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பாறுகளிடம் சோதித்து, மெலாக்சிகம் என்ற வலிநிவாரணி பாறுக்குக் கெடுதல் செய்யவில்லை என்று 2006-இன் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார்கள். மாட்டுக்கும் அது நன்றாகவே கேட்கும்.

ஆனால் தடை கால்நடை மருந்துக்கு மட்டும். மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசி கடையில் இருந்துகொண்டேதான் இருந்தது, அதுவும் 30 மில்லி பாட்டிலில். மனிதனுக்கு ஒருமுறைக்கு வேண்டியது 3 மில்லி. 30 மில்லி யாருக்கு? 2007 முதல் 2010 வரை பல மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் மாட்டுக்கு வலி ஊசி கேட்டார்கள். 36 சதவீதக் கடைகளில் டைக்ளோஃபினாக் கிடைத்தது. ஆயினும் பலன் இல்லாமல் இல்லை. செத்த மாடுகளில் மருந்து இருந்த விகிதம் தடைக்கு முன் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது, ஓரிரு ஆண்டில் 6.5 சதவீதத்துக்கு இறங்கியது. பாறுகளின் சரிவு வேகமும் அதற்கேற்பத் தணிந்தது.

பெரிய பாட்டிலை 2015-இல் தடை செய்தார்கள். 3 மில்லி ஒற்றைக் குப்பியில்தான் விற்கவேண்டும் என்று ஆணை வந்தது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2017-இல் நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

அதற்குள் வேறு மருந்துகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. கீட்டோபுரோஃபன் பாறுகளைக் கொல்லும். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்பில் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது, பெயர் மட்டும் வேறு. இவை இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்ய 2023 ஆனது. சோதித்துப் பார்க்காமலே ஒவ்வொரு மருந்தையும் சந்தைக்கு விட்டு, பறவை செத்தபின் ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டு போகும் இந்த முறை தலைகீழானது என்று உறுதியாக நினைக்கிறேன். பாறு தின்னும் கால்நடைக்குப் போடும் எந்த வலிநிவாரணியையும் முதலில் சோதித்துவிட்டல்லவா அனுமதிக்கவேண்டும்? இந்தியாவில் நடந்த அழிவு தெரிந்தபிறகும் 2013-இல் ஸ்பெயின் கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கை அனுமதித்தது. அங்கே 2020-இல் ஓர் இளம் கரும்பாறு அதே வெள்ளைப் படிவோடு செத்துக் கிடந்தது.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில்

தமிழ்நாட்டுச் சமவெளியில் பாறு போய்விட்டது. மிஞ்சியிருப்பது நீலகிரியின் வடக்குச் சரிவில், சீகூர்ப் பீடபூமியும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும், அதையொட்டிய முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாட்டுக் காடுகளும். வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு வைக்கின்றன, கருங்கழுத்துப் பாறுகள் பாறை முகடுகளில். செந்தலைப் பாறும் இங்கே உண்டு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது 2023 பிப்ரவரியில் 246 பறவைகள், அதே ஆண்டு டிசம்பரில் 320. கூடுதலாகக் கண்ணில் பட்டதா, உண்மையில் பெருகியதா என்று இரண்டு எண்ணை வைத்துச் சொல்வது அவசரம். ஆனால் குறையவில்லை, அது மட்டுமே பெரிய சேதி.

இங்கே மட்டும் ஏன் தப்பின? புலியும் செந்நாயும் அடித்துப் போட்ட கடமானும் புள்ளிமானும் இங்கே தீனி. காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடுவதில்லை. விடை அவ்வளவு எளிது. ஆனால் பாறுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் பறவை அது. அதனால்தான் பாறுப் பாதுகாப்பு வளையம் என்று நூறு கிலோமீட்டர் ஆரத்தைக் குறிக்கிறார்கள். அந்த வளையத்துக்குள் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டக் கிராமங்களும் மைசூர்ப் பக்கமும் வந்துவிடும். மாட்டைப் புலி அடித்த கோபத்தில் மிச்ச உடலில் விஷம் வைப்பது இன்னொரு ஆபத்து. புலிக்கு வைத்ததைப் பாறுகள் கூட்டமாகத் தின்றுவிடும். இழப்பீட்டுத் தொகை காலத்தோடு கைக்கு வந்தால் இதில் பாதி நின்றுவிடும்.

நேபாளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிதௌலி என்ற ஊரில் 2006 முதல் 'ஜடாயு உணவகம்' நடக்கிறது. வேலைக்கு ஆகாத கிழட்டு மாடுகளை ஊரார் அங்கே விடுகிறார்கள். மாடு தன் காலம் முடிந்து சாகும்வரை பராமரிக்கிறார்கள். பிறகு உடலைப் பாறுகளுக்கு வைக்கிறார்கள், மருந்து இல்லாத உடல் என்ற உறுதியோடு. ஜடாயுவை வழிபடும் புள்ளிருக்குவேளூர், அதாவது வைத்தீஸ்வரன்கோயில், இருக்கிற மாநிலத்தில் இப்படி ஒன்று ஏன் கூடாது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மாடு வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். வலிக்கு ஊசி வேண்டுமென்றால் மருத்துவரிடம் மெலாக்சிகம் போடச் சொல்லுங்கள். வேறு வலி ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு செத்துவிட்டால் வெளியில் போடாமல் ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

போன மாதம் சித்தப்பாவின் எருமைக்கு முன்னங்கால் வீங்கிவிட்டது. மாட்டு டாக்டர் வெளியூர் போயிருந்தார். அக்கம்பக்கத்தில் ஓர் ஊசி பெயரைச் சொல்லியனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், எருமைக்கு என்ன என்று விசாரித்தார். "அந்தப் பெரிய பாட்டில் இப்ப வர்றதில்லைங்க. சின்னதுதான் இருக்கு, நாலு வாங்கிக்குங்க, சரியா வரும்" என்று 3 மில்லிக் குப்பிகள் நான்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மெலாக்சிகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. விலை விசாரித்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டு அளவு கேட்டுக்கொண்டோம். ஏன் இதையே கேட்கிறீர்கள் என்றார் கடைக்காரர். வெள்ளைப் படிவிலிருந்து மாயாறு வரை அவரிடம் சொன்னேன். கடையில் கூட்டம் இல்லாததால் முழுக்கக் கேட்டார். சின்ன வயதில் அவரும் ஓடைக்கரையில் கழுகு இறங்கிப் பார்த்திருக்கிறாராம். "இதை யாருமே எங்களுக்குச் சொல்லலையேங்க" என்றபடி நான்கு குப்பிகளையும் எடுத்து உள்ளே வைத்தார்.